தரைத்தள வாடகை வீடு, கையில் 2,000 ரூபாய்: மழைக்கு முன்னால் எதை வாங்குவது?

முடிச்சூர்வாசி
எல்லோருக்கும் வணக்கம். தாம்பரம் தாண்டி முடிச்சூர் பக்கம் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். நான், ஆட்டோ ஓட்டும் கணவர், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பையன், சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்ளும் மாமியார். 2015 வெள்ளத்தின்போது நாங்கள் இந்தப் பக்கம் இல்லை, ஆனால் தெருவில் யாரிடம் பேசினாலும் "இந்த ஜன்னல் வரைக்கும் வந்தது" என்று கை காட்டுகிறார்கள். ஐப்பசி பிறந்தாலே தூக்கம் போய்விடுகிறது. யூடியூபில் தேடினால் சோலார் விளக்கு, பவர் ஸ்டேஷன், முதுகில் மாட்டும் பை என்று ஏழாயிரம் எட்டாயிரத்துக்குக் குறையாமல் பட்டியல் போடுகிறார்கள். என்னால் ஒதுக்க முடிந்தது 2,000 ரூபாய், அதையும் தீபாவளிச் செலவு தொடங்குவதற்குள் எடுத்தால்தான் உண்டு. இந்தக் காசில் உருப்படியாக என்ன செய்யலாம்? பட்டவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

கடலூர்க்காரன்
முதலில் ஒன்றும் வாங்காதீர்கள் தங்கச்சி. உட்கார்ந்து யோசியுங்கள், உங்கள் வீட்டில் எது முதலில் நிற்கும்? கரண்ட். கரண்ட் நின்றால் மோட்டார் நிற்கும், மோட்டார் நின்றால் மேல்தொட்டி அரை நாளில் காலி. டவருக்கும் பேட்டரி தீரும், அப்போது போன் போகும், போனோடு ஜிபேயும் போகும், ஏடிஎம்மும் வேலை செய்யாது. கடையில் சாமான் இருக்கும், உங்களிடம் கொடுக்கக் காசு இருக்காது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் எங்கள் ஊரைத் தாண்டியபோது இதே வரிசையில்தான் எல்லாம் போயிற்று, அன்றைக்கு ஜிபே கிடையாது என்பதைத் தவிர. ஆகவே அந்த 2,000இல் 500ஐப் பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டாக மாற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிடுங்கள். செலவு இல்லை, உங்கள் காசு உங்களிடமே இருக்கிறது. 500 ரூபாய்த் தாளாக வைத்தால் பிரயோஜனம் இல்லை, வெள்ளத்தில் எந்தக் கடைக்காரரிடமும் சில்லறை இருக்காது.

இரண்டாவது தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள், நான்கு பேருக்கு 16. மூன்று நாளைக்கு 48. வீட்டில் பிளாஸ்டிக் குடம் நான்கு இருக்கிறதா? ஏறக்குறைய அவ்வளவும் அதிலேயே அடங்கிவிடும். புயல் சின்னம் என்று செய்தி வந்த அன்றே கழுவி, பிடித்து, தட்டால் மூடி வையுங்கள். கேன் தண்ணீர் போடுகிறவர் புயலன்று வரமாட்டார், அவரும் மனிதர்தானே.

வெட்டிப்பேச்சு
பத்து பாக்கெட் நூடுல்ஸ், ஒரு டஜன் மெழுகுவர்த்தி. முடிந்தது வேலை. இதற்கு ஒரு இழையா?

டெல்டா அக்கா
நூடுல்ஸுக்குத் தண்ணீர் வேண்டும், அடுப்பு வேண்டும், பாத்திரம் கழுவ மறுபடியும் தண்ணீர் வேண்டும். மெழுகுவர்த்தியை ஆறு வயதுப் பையன் இருக்கிற வீட்டில், கட்டில் மேல் எல்லாச் சாமானையும் ஏற்றி வைத்திருக்கும் நேரத்தில் கொளுத்தச் சொல்கிறீர்களே தம்பி, புயலுக்குத் தப்பித்து நெருப்புக்குப் பலியாகவா?

எனக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் தென்னந்தோப்புகளை எல்லாம் சாய்த்துவிட்டுப் போனது. மின்கம்பம் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் விழுந்தது என்று கணக்குச் சொன்னார்கள், பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. சென்னைக்காரர்களுக்கு மூன்று நாள் என்பது பெரிய கணக்கு, எங்களுக்கு அது ஆரம்பம்தான். ஊர்ப் பொதுவில் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துத் தொட்டியில் தண்ணீர் ஏற்றினோம், போன் சார்ஜ் போடுவதற்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கினார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் நான் சொல்வது இதுதான்: அடுப்பே பற்ற வைக்காமல் சாப்பிடக்கூடியது எது என்று பாருங்கள். அவல். ஒரு டம்ளர் தண்ணீரில் நனைத்தால் பத்து நிமிடத்தில் சாப்பாடு, வெல்லம் போட்டால் பையனுக்கு, உப்பும் ஊறுகாயும் போட்டால் பெரியவர்களுக்கு. கெட்டி அவலாக வாங்குங்கள், மெல்லிசு அவல் நனைத்தவுடன் கூழாகிவிடும். கூடவே பொட்டுக்கடலை, வேர்க்கடலை, பொரி, ரஸ்க், பத்து ரூபாய்ப் பால்பவுடர் பாக்கெட் கொஞ்சம். அப்புறம் புளிக்காய்ச்சல். புயல் செய்தி வந்ததும் நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, தண்ணீர் சுண்டும் வரை கிண்டி ஒரு பாட்டிலில் எடுத்து வைத்தால் பல நாள் கெடாது. கரண்ட் இருக்கும்போதே அதைப் போட்டுச் சோறு கிளறி வைத்துவிட்டால் மறுநாள் வரைக்கும் கவலை இல்லை. அந்தக் காலத்தில் வண்டி கட்டிப் போனவர்கள் ஃப்ரிட்ஜோடா போனார்கள்? முக்கியமாக, வீட்டில் தின்னாத சாமானை "அவசரத்துக்கு" என்று வாங்காதீர்கள், பூச்சி பிடித்துத்தான் வெளியே போகும். மாதச் சாமான் வாங்கும்போது அவலும் கடலையும் ஒரு கிலோ கூட வாங்கி, பழசைத் தின்று புதுசை உள்ளே வையுங்கள்.

முடிச்சூர்வாசி
அக்கா, அவலை மறந்தே போயிருந்தேன், நன்றி. மாமியார் சர்க்கரைக்காரர், அவலும் வெல்லமும் ஆகாதே? ஊசி மருந்து ஃப்ரிட்ஜில் இருக்கிறது, கரண்ட் போனால் என்ன செய்வது என்பதுதான் உண்மையில் எனக்குள்ள பெரிய பயம்.

ஊர்ச்செவிலி
கிராமச் செவிலியராக இருக்கிறேன், இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

இப்போது போட்டுக்கொண்டிருக்கும் இன்சுலின் பாட்டில் அறை வெப்பத்தில் பொதுவாக நான்கு வாரம் வரை தாங்கும். எந்த மருந்துக்கு எத்தனை நாள் என்பது அட்டையில் போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். திறக்காத பாட்டிலுக்குத்தான் ஃப்ரிட்ஜ் கட்டாயம். இன்னொரு விஷயத்தையும் யோசியுங்கள், புயல் மழை நாளில் சென்னையில் வெயில் காலத்துச் சூடா அடிக்கிறது? ஸ்வெட்டர் போடுகிற குளிர். அந்த நேரத்தில் இன்சுலின் சூட்டில் கெடுவதைவிட நனைந்தோ, அவசரத்தில் எங்கேயோ விட்டுவிட்டோ போவதுதான் அதிகம் நடக்கிறது. ஃப்ரிட்ஜைத் திறக்காமல் விட்டால் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். அதற்கு மேல் போனால், இரண்டு மண்பானை, ஒன்றுக்குள் ஒன்று, நடுவில் மணல், மணலில் தண்ணீர். மருந்தை மூடி போட்ட சின்ன டப்பாவில் வைத்து உள்பானைக்குள் வையுங்கள். ஐஸ் கட்டியோடு ஒட்டி வைக்கவே கூடாது, உறைந்துபோன இன்சுலின் குப்பைக்குத்தான். பானையில் வைத்ததே ஆனாலும் கலங்கலாகவோ கட்டிகட்டியாகவோ தெரிந்தால் போடாதீர்கள். பால் மாதிரி இருக்கவேண்டிய வகையும் உண்டு, உங்கள் மருந்து சாதாரண நாளில் எப்படி இருக்கும் என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு: ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பதுதான் ஆபத்து. அவல், வேர்க்கடலை, பொட்டுக்கடலை கலந்து அளவாகக் கொடுக்கலாம். வெல்லத்தையும் வீட்டில் வையுங்கள் அம்மா, மாமியாருக்குச் சர்க்கரை இறங்கிப் படபடப்பு வந்தால் அதுதான் உடனடி மருந்து.

மாத்திரைகளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். பிரஷர், சர்க்கரை மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், மக்களைத் தேடி மருத்துவத்தில் பதிந்தால் வீட்டுக்கே வரும். பட்டை தீர்ந்த பிறகு வராதீர்கள், பாதி இருக்கும்போதே வாருங்கள், அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குமாவது. வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் நான்கு பாக்கெட் வாங்கிவிடுங்கள். தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிப்போனால் குழந்தைக்குக் கெடுதல், கண்ணளவு போடாதீர்கள்.

வெள்ளத் தண்ணீரில் நடந்துவிட்டுக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் சளிக்காய்ச்சல் என்று விட்டுவிடாதீர்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் வரும் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், சீக்கிரம் வந்தால் மாத்திரையிலேயே சரியாகிவிடும். காலில் புண் இருக்கிறவர் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டாவது இறங்கட்டும். சர்க்கரைக்காரர் இறங்கவே வேண்டாம்.

ஒயர்மேன்
தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக எலக்ட்ரிக் வேலை. முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் அடையாற்றை ஒட்டிய இடம், மேலே ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிகள் நிரம்பினால் உபரி நீர் அந்தப் பக்கம்தான் வரும். பயமுறுத்தச் சொல்லவில்லை, தரைத்தளத்துக்கு ஏற்ற மாதிரி யோசியுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். இங்கே எல்லோரும் மூன்று நாள் வீட்டுக்குள் இருப்பதற்கு யோசனை சொல்கிறார்கள், உங்களுக்கு வேண்டியது வீட்டை விட்டு மாடிக்கு ஏறுவதற்கான யோசனை.

மொட்டை மாடிச் சாவி உங்களிடம் இருக்கிறதா? பாதி வீட்டில் ஹவுஸ் ஓனர் பூட்டி வைத்துக்கொண்டு சாவியைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பார், அவர் வீடு குரோம்பேட்டையில் இருக்கும். இந்த வாரமே கேட்டு ஒரு டூப்ளிகேட் போடுங்கள். மொத்தப் பட்டியலிலும் விலை குறைந்ததும் உயிரைக் காப்பதும் இதுதான்.

மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும். தண்ணீர் வாசற்படியைத் தொடும்போதே மெயினை இறக்கிவிட வேண்டும். உள்ளே தண்ணீர் வந்த பிறகு அதில் நின்றுகொண்டு மெயினைத் தொடவே கூடாது. அந்த நிலைமை வந்துவிட்டால் மின்னகம் 94987 94987க்குச் சொல்லித் தெரு லைனையே கட் பண்ணச் சொல்லுங்கள். மழை பெய்தால் ஈபிகாரன் கரண்டைப் பிடுங்கிவிடுகிறான் என்று திட்டுகிறோம், தண்ணீர் நிற்கும் தெருவில் கரண்டை நிறுத்தாவிட்டால் ஆள் சாவான். வடிந்த பிறகும் அவசரப்படாதீர்கள். 15 ஆம்ப்ஸ் பிளக் எல்லாம் முழங்கால் உயரத்தில்தான் வைத்திருப்பார்கள், உள்ளே சேறு இருக்கும். வெளியே துடைத்தால் காய்ந்த மாதிரி தெரியும், பெட்டியைக் கழற்றினால் உள்ளே சொட்டும். ஒரு ஆளைக் கூப்பிட்டுக் கழற்றிக் காயவைத்த பிறகுதான் ஃப்ரிட்ஜ், மோட்டார் எல்லாம்.

விளக்குக்கு: கரண்ட் போனாலும் எரிகிற சார்ஜ் பல்பு, இன்வெர்ட்டர் பல்பு என்று கேட்டால் தருவார்கள், 300, 400 ரூபாய்க்குள் வரும். சாதாரண ஹோல்டரில் மாட்டி தினமும் உபயோகிக்கலாம், தன்னால் சார்ஜ் ஏறிக்கொள்ளும். முழு நாளெல்லாம் எரியாது, சில மணி நேரம்தான், அதனால் இரண்டு வாங்கி ஒன்றை அணைத்தே வையுங்கள். டார்ச் தனியாக வாங்கி ஆணியில் மாட்டினால் வேண்டிய அன்றைக்கு பேட்டரி செத்திருக்கும், நிறைய வீட்டில் பார்த்துவிட்டேன்.

அப்புறம் கேஸ் சிலிண்டர். நிரம்பின சிலிண்டர் கனமாக இருக்கிறது, அது எங்கே போகப்போகிறது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். மிதக்கும். இரும்பும் கேஸும் சேர்ந்து 30 கிலோ சொச்சம், ஆனால் உள்ளே கொள்ளளவே 33 லிட்டருக்கு மேல், கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீரில் மிதந்து டியூபைப் பிய்த்துக்கொண்டு போகும். ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டுங்கள். கசிவு வாடை வந்தால் 1906.

தாமிரபரணி
ஒயர்மேன் அண்ணாச்சி சொன்ன சாவி விஷயத்துக்கு ஆயிரம் லைக். நமக்கு ஏரல் பக்கம். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் பக்கம் புயல் என்றால் வடக்கே போகிற சங்கதி, நம்மளை எதுவும் செய்யாது என்றுதான் இருந்தோம். கூண்டு ஏற்றவில்லை, காற்று இல்லை, சும்மா மழைதான். ராத்திரி ஆற்றுத் தண்ணீர் கடைவீதிக்குள் வந்தது, விடியும்போது கடை எல்லாம் முங்கிக் கிடந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் அப்படியே நின்றுபோய் உள்ளே இருந்த நூற்றுக்கணக்கான ஜனங்களுக்கு ஹெலிகாப்டரில் சோறு போட வேண்டியதாயிற்று. அதனால் புயலுக்குத்தான் தயாராக வேண்டும் என்று நினைக்காதீர்கள், பெயர் வைக்காத மழைதான் எங்களைக் கவிழ்த்தது.

பேப்பர்களைப் பற்றி யாரும் பேசவில்லையே? ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் புக், பையனின் பிறப்புச் சான்று, ஆட்டோவுக்கு ஆர்சி, மாமியார் மருந்துச் சீட்டு. ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டு, காற்றை அமுக்கி எடுத்துக் கட்டி, பரண்மேல் வைக்காமல் வாசல் பக்கம் ஆணியில் மாட்டி வையுங்கள். ஓடும்போது கை அங்கேதான் போகும். பரணில் வைத்துவிட்டு இருட்டில் ஸ்டூல் தேடிய வீடெல்லாம் உண்டு. போனில் போட்டோ எடுத்து ஊரில் இருக்கும் அண்ணனுக்கோ அக்காவுக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் போன் போனாலும் கவலையில்லை. மிக்ஜாம் நேரத்தில் 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடை வழியாகத்தான் கொடுத்தார்கள், கார்டுக்குள்ள மதிப்பு அப்போது தெரிந்தது.

கோபக்காரன்
இதையெல்லாம் படிக்கப் படிக்க எரிச்சல்தான் வருகிறது. ஏரியை வளைத்து பிளாட் போட அனுமதி கொடுத்தது யார், கால்வாயை அடைத்தது யார்? 2015 டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரி செம்பரம்பாக்கத்தில் திறந்துவிட்ட தண்ணீருக்கு ஆட்டோக்காரர் குடும்பம் அவல் வாங்கி வைக்க வேண்டுமா? வாடகையும் வாங்கிக்கொண்டு சாவியும் தராத ஓனரைக் கேளுங்கள், ஓட்டு கேட்டு வருகிறவனைக் கேளுங்கள். மக்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவதற்கு இந்த மாதிரி பேச்சு வசதியாகப் போய்விடுகிறது.

டெல்டா அக்கா
கேட்க வேண்டியதைக் கேளுங்கள் தம்பி, நானும் வருகிறேன், தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து பழக்கம் உண்டு. ஆனால் அந்தப் பதில் வரும்வரைக்கும் இந்தப் பெண் வீட்டில் நான்கு பேர் சாப்பிட வேண்டும்.

கோபக்காரன்
சாப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை அக்கா. ஒரு யோசனை நானும் சொல்கிறேன், தெருவில் பத்து வீடு சேர்ந்து வாட்ஸ்அப் குழு வைத்து, எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் இருக்கிறது, எந்த வீட்டில் கைக்குழந்தை, யாரிடம் கயிறு, ஏணி, லாரி டியூப் இருக்கிறது என்று இப்போதே எழுதி வையுங்கள். 2015இல் படகோடு வந்து இறங்கிய மீனவர்களுக்கு எந்த வீட்டில் ஆள் மாட்டியிருக்கிறது என்று சொல்லத் தெருவில் ஆளில்லை. வாட்ஸ்அப்பும் படுத்துவிடும் என்பதால் அதை ஒரு தாளிலும் எழுதி மாடி வீட்டில் கொடுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை. மாநகராட்சி ஆளைக் கேள்வி கேட்கவும் அதே குழு உதவும்.

கடலூர்க்காரன்
கடைசி வரி பிரமாதம் 😄

போன் பற்றி ஒன்று. வீட்டில் பழைய பட்டன் போன் கிடக்கிறதா? அதில் எஃப்எம் இருக்கும், ஒயர் இயர்போனைச் சொருகினால் ஏரியல் அதுதான், நெட் இல்லாமல் செய்தி கேட்கலாம். ஒரு சார்ஜில் பல நாள் நிற்கும். ஜியோ சிம் சாதாரண பட்டன் போனில் எடுக்காது, வேறு சிம் போட வேண்டும். பேச லைன் கிடைக்காதபோதும் சாதாரண எஸ்எம்எஸ் சில நேரம் போய்ச் சேரும், "நல்லா இருக்கோம், மாடியில் இருக்கோம்" என்று ஊரில் ஒரே ஒரு ஆளுக்கு அனுப்புங்கள், அவர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொள்ளட்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, எதுவும் ஞாபகம் வராவிட்டால் 112. போனில் சேமித்தால் போதாது, கரியோ சாக்பீஸோ எடுத்துச் சமையலறைச் சுவரில் எழுதுங்கள்.

புயல் விஷயத்தில் இன்னொன்று. காற்று பேயாக அடித்துவிட்டு திடீரென்று நின்றால் முடிந்துவிட்டது என்று வாசலுக்கு வராதீர்கள், அது புயலின் கண். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும், முதல் காற்றில் ஆடி நின்ற மரமும் தகரமும் அப்போதுதான் விழும்.

முடிச்சூர்வாசி
எவ்வளவு விஷயம்! எழுதிக்கொண்டே வருகிறேன். இன்று மாடி வீட்டு அக்காவிடம் பேசினேன். "தண்ணீர் வந்தால் வாங்க, ஹாலில் படுத்துக்கலாம், கேட்கவே வேண்டாம்" என்றார். சாவி அவர்களிடம் ஒன்று இருக்கிறதாம்! ஆனால் எப்போது ஏறுவது என்பதில்தான் வீட்டில் சண்டை. என் கணவர் சாமானை எல்லாம் ஏற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்கிறார். சம்ப் வேறு இருக்கிறது, மூன்று குடித்தனத்துக்கும் பொது. சாக்கடை தண்ணீர் உள்ளே போய்விட்டால் என்ன செய்வது?

ஒயர்மேன்
உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: சாமானை ஏற்றுவது மழைக்கு முந்தின நாள் வேலை, தண்ணீர் வந்த பிறகு செய்கிற வேலை இல்லை. வானிலை மையம் ஆரஞ்சு என்றால் 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை எதிர்பார்க்கிறார்கள், சிவப்பு என்றால் அதற்கும் மேல். ஆரஞ்சு வந்த அன்று ஃப்ரிட்ஜைக் கல்மேல் ஏற்றுங்கள், துணிமணி, அரிசி எல்லாம் கட்டில்மேலும் பரண்மேலும் போகட்டும், ஆட்டோவை மேடான இடத்தில் கொண்டுபோய் விடட்டும். வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் காரை நிறுத்துவதைப் பார்த்துச் சிரித்தோமே, இப்போது யாரும் சிரிப்பதில்லை. ஆட்டோவுக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் என்றால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாய் வராது. முங்கிய வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவும் கூடாது, இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சிவப்பு வந்தால், அல்லது தெருவில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டினால், மாமியாரும் பையனும் மாடிக்கு. பகலிலேயே. ராத்திரி முழங்கால் தண்ணீரில் வயதானவரைத் தூக்கிக்கொண்டு படி தேடுகிற கஷ்டம் வேண்டாம், திறந்த மேன்ஹோல் எங்கே இருக்கிறது என்று எவனுக்கும் தெரியாது.

சம்ப்: மழைக்கு முன்னால் மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பிவிடுங்கள், நிரம்பியதும் கீழே இறங்குகிற கேட் வால்வை மூடிவிட்டு மூன்று வீட்டாரும் பேசிவைத்துக் காலையும் மாலையும் மட்டும் திறங்கள். இல்லாவிட்டால் ஒரு வீட்டில் துணி துவைத்தே தொட்டியைக் காலி பண்ணிவிடுவார்கள். சம்ப் மூடிக்கும் சிமெண்ட் விளிம்புக்கும் நடுவில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி வைத்து, மேலே கெட்டியான பாலிதீன் ஷீட் போட்டு, ஓரம் முழுக்க மணல் மூட்டை. சைக்கிள் கடையில் பழைய டியூப் சும்மாவே தருவார்கள். இது சும்மா வாசல் அளவுக்குத் தேங்குகிற தண்ணீருக்குத் தாங்கும், மூடிக்கு மேல் இரண்டடி நின்றால் தாங்காது. அப்படி முங்கிவிட்டால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது, இறைத்து, கழுவி, ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்த பிறகுதான்.

ஊர்ச்செவிலி
ஆமாம், கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும், சாக்கடையோடு வந்த எண்ணெயும் ரசாயனமும் போகாது. நல்ல குழாய்த் தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக வந்தால் துணியில் வடிகட்டி, குமிழி விட்டு ஒரு நிமிடம் கொதிக்க விட்டால் போதும். அடுப்பு இல்லாத சமயத்துக்குக் குளோரின் மாத்திரை, மழைக்காலத்தில் சுகாதார ஊழியர்கள் தெருவுக்கு வந்து கொடுப்பார்கள், வரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். பெண்களுக்கான நாப்கினை எல்லாப் பட்டியலிலும் மறந்துவிடுகிறார்கள், ஒரு பாக்கெட் அந்தப் பேப்பர் பைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

வெட்டிப்பேச்சு
நூடுல்ஸ் வாபஸ். 20 ரூபாய் இன்சூரன்ஸ் ஒன்று இருக்கிறதே, யாரும் சொல்லவில்லை? பிரதமர் சுரக்ஷா பீமா. வருஷத்துக்கு 20 ரூபாய் பேங்க் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வார்கள், விபத்து மரணத்துக்கு 2 லட்சம், 18 முதல் 70 வயது வரை. ஆட்டோ ஓட்டுகிற அண்ணனுக்கு மழை இல்லாவிட்டாலும் வேண்டியதுதான். ஜூன் முதல் மே வரை கணக்கு, போன வருஷம் போட்டிருந்தால் கணக்கில் காசு இருந்து புதுப்பித்ததா என்று பாஸ்புக்கில் பாருங்கள்.

கடலூர்க்காரன்
பார்த்தீர்களா, தம்பிக்கும் உருப்படியாகச் சொல்லத் தெரிகிறது.

முடிச்சூர்வாசி
கணக்குப் போட்டேன். சில்லறை நோட்டு 500 அப்படியே இருக்கும். சார்ஜ் பல்பு இரண்டு 700. அவல், கடலை, பால்பவுடர், வெல்லம் 400க்குள். ஓஆர்எஸ், ப்ளீச்சிங், பிளாஸ்டிக் பை, கயிறு எல்லாம் சேர்த்து 250. மீதி 150க்கு பாலிதீன் ஷீட். மண்பானை வீட்டிலேயே ஒன்று இருக்கிறது, இன்னொன்று அம்மா வீட்டிலிருந்து எடுத்து வருகிறேன். கணவர் இன்னும் "கட்டில்மேல் ஏற்றினால் போதும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார், ஒயர்மேன் அண்ணன் எழுதியதைக் காட்டப்போகிறேன்.

ஒரு கேள்வி மட்டும், கேட்கவே கூச்சமாக இருக்கிறது. பக்கத்து வீட்டில் போன மழைக்குத் தெருத் தண்ணீர் வாசல் வழியாக வரவில்லையாம், கக்கூஸ் வழியாகத்தான் உள்ளே வந்ததாம். இதற்கு என்ன செய்வது?

ஒயர்மேன்
இதில் கூச்சம் என்ன இருக்கிறது, தரைத்தளத்தில் முக்கால்வாசி வீட்டில் அப்படித்தான் வரும். வெளியே லைன் நிரம்பினால் எது தாழ்வான வாயோ அதன் வழியாக ஏறும். சிமெண்ட் சாக்கை இரண்டு பாலிதீன் பைக்குள் போட்டு, பாதிக்குக் கொஞ்சம் மேல் மட்டும் மணல் நிரப்பிக் கட்டுங்கள். முழுசாக நிரப்பினால் கல் மாதிரி விறைத்து நிற்கும், குழிக்குள் படியாது. இந்தியன் கக்கூஸ் என்றால் அதை வாய்க்குள் இறக்கிக் காலால் மிதித்து அமுக்குங்கள், மேலே ஒரு கல் ஏற்றுங்கள். குளியலறைத் தரையில் தண்ணீர் போகிற ஜாலிக்கும் இதே மாதிரி சின்ன மூட்டை, அதை மறந்தால் அந்த வழியாக வரும். வெஸ்டர்ன் என்றால் மூட்டையைக் கோப்பைக்குள் வைத்து மூடியைச் சாத்தி மேலே பாரம் வைக்க வேண்டும். மூட்டை வைத்த பிறகு அந்தக் கக்கூஸை யாரும் உபயோகிக்க முடியாது, அதனால் மாடி வீட்டு அக்காவிடம் இதையும் சேர்த்துப் பேசிவைத்துவிடுங்கள். தெருவில் தண்ணீர் முழுக்க வடிந்து, வெளிச் சேம்பரைத் திறந்து உள்ளே மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மூட்டையை எடுக்க வேண்டும்.

மணல் வேண்டுமென்றால் எங்கள் சைட்டில் கொஞ்சம் கிடக்கிறது, தாம்பரம் பக்கம் வரும்போது உங்கள் வீட்டுக்காரரை ஆட்டோவில் இரண்டு சாக்கோடு வரச் சொல்லுங்கள், தனிச்செய்தியில் இடம் சொல்கிறேன்.